வயற்பரிசோதனையும் மக்களின் ஐயமும்

பெங்களூரு நகரின் தென்கிழக்கில், கோரமங்கலத்தை அடுத்து, ஈஜிபுரா என்னும் பகுதி உள்ளது. முன்னாளில் கிராமமாக இருந்து, இன்று நகரத்தினுள் அடங்கிவிட்ட இடம் இது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் இதன் தெருக்களில் கலந்து ஒலிக்கின்றன. இங்குக் குடியிருக்கும் இக்கட்டுரையாளர், தள்ளுவண்டியில் காய்கறி வாங்கும்பொழுது ஒரு கேள்வியைப் பலமுறை செவியுற்றிருக்கிறார். “அண்ணா, காயில ஒரு ஓட்டை கூட இல்லையே, இது அந்த பி.டி. கத்தரியா?” என்று தாய்மார் கேட்பர். “இல்லம்மா, இது நாட்டுக் காய்தான்” என்று வண்டிக்காரர் விடையிறுப்பார்.

விடை சரியானதே. மரபணு மாற்றம் செய்த கத்தரியை இந்தியாவில் விற்பனைக்காகப் பயிரிடுவதற்கு அரசாங்கம் அனுமதி வழங்கவில்லை. ஆயினும் கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அவ்விடை எதனால் சரி என்பது தெரியாது. காயில் துளையின்மைக்குப் பெரும்பாலும் காரணம் பூச்சிமருந்துத் தெளிப்பே என்பதும் அங்கே பேசப்படுவதில்லை. கேள்வி நியாயமானது, அதற்கு உரிய செய்தி அத்தெருவை வந்தடையவில்லை.

மரபணு மாற்றப் பயிர்களின் வயற்பரிசோதனை குறித்து நம் நாட்டில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாதம் நடந்து வருகிறது. பயிரின் நன்மை தீமைகளை மட்டும் பற்றிய வாதமாக அது ஒருபொழுதும் இருந்ததில்லை. பரிசோதனை எங்கே நடக்கிறது, யார் நடத்துகின்றனர், முடிவு என்ன, அதனை மக்களுக்கு எப்பொழுது சொன்னார்கள் என்பவையும் அவ்வாதத்தில் சமபங்கு கொண்டுள்ளன. ஊராரிடம் நேரில் பழகும் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபணு மாற்றம் என்பது யாது?

உயிரினங்களின் பரம்பரை இயல்புகள் அவற்றின் உயிரணுக்களிலுள்ள மரபணுக்களில் அடங்கியுள்ளன. உழவர்கள் பன்னெடுங்காலமாக நல்ல செடியின் விதையைத் தெரிந்தெடுத்துப் பயிர்களைத் திருத்தி வந்துள்ளனர். பின்னர் விஞ்ஞானிகள் ஒரே இனத்தைச் சேர்ந்த இரு வகைகளைக் கலந்து புதிய ரகங்களை உண்டாக்கினர். மரபணு மாற்றம் என்பது இவற்றினின்றும் வேறான முறை. இதில் ஓர் உயிரினத்தின் குறிப்பிட்ட மரபணுவைப் பிரித்தெடுத்து, அதனோடு இயற்கையில் கலவாத பயிரின் உயிரணுவில் புகுத்துகின்றனர்.

நம் நாட்டில் மிகுதியாகப் பேசப்படும் எடுத்துக்காட்டு பி.டி. ஆகும். இவ்விரு எழுத்துகளும் ‘பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்னும் மண்வாழ் பாக்டீரியாவைக் குறிப்பன. 1901 ஆம் ஆண்டில் ஜப்பானில் பட்டுப்புழுவின் நோயை ஆராய்ந்தபொழுது இப்பாக்டீரியா முதன்முதலில் கண்டறியப்பட்டது. 1911 இல் ஜெர்மனியில் மீண்டும் கண்டறியப்பட்டு, அந்நாட்டின் துரிங்கியா வட்டாரத்தின் பெயரைப் பெற்றது. இது உண்டாக்கும் புரதப் படிகத்தைச் சிலவகைப் புழுக்கள் தின்றால், அவற்றின் காரத்தன்மையுள்ள குடலில் அப்படிகம் கரைகிறது. கரைந்த புரதம் குடற்சுவரின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு துளையிடுகிறது. புழு இரை எடுப்பதை நிறுத்திச் சில நாட்களில் மடிகிறது.

மனிதரின் இரைப்பை அமிலத்தன்மை உடையது. அப்புரதம் ஒட்டிக்கொள்ளும் இடங்களும் மனிதக் குடலில் இல்லை. இப்புரதம் மனிதருக்குத் தீங்கு செய்யாது என்று விஞ்ஞானிகள் பலர் கூறுவதற்கு இதுவே அடிப்படை. இப்பாக்டீரியாவை மருந்தாகத் தெளிப்பதும் நெடுநாளைய வழக்கமே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தெளித்த மருந்து வெயிலிலும் மழையிலும் விரைவில் அழியும். மரபணு மாற்றிய செடியோ தன் வாழ்நாள் முழுவதும், உண்ணும் பகுதியிலும், அப்புரதத்தைத் தானே உண்டாக்குகிறது. ஆகவே தெளிப்பு மருந்தின் அனுபவத்தை மட்டும் கொண்டு செடியைப் பற்றி முடிவு செய்துவிட இயலாது. தனிப் பரிசோதனை தேவையாகிறது.

பரிசோதனையின் படிகள்

1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1989 டிசம்பரில் மத்திய அரசாங்கம் விதிகளை வெளியிட்டது. மரபணு மாற்றிய உயிரினங்களைக் குறித்த இந்திய ஒழுங்குமுறை இவ்விதிகளின்மேல் நிற்கிறது. ஆராய்ச்சி நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென உயிரியல் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தல் வேண்டும். அதற்கு மேல் உயிரித் தொழில்நுட்பத் துறையின்கீழ் இயங்கும் மரபணு மாற்ற ஆய்வுக் குழு உள்ளது. அதற்கும் மேல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு உள்ளது. மாநிலத்தில் தலைமைச் செயலாளரின் தலைமையிலும், மாவட்டத்தில் ஆட்சியரின் தலைமையிலும் குழுக்கள் இயங்க வேண்டுமென்று அதே விதிகள் கூறுகின்றன. கர்நாடகத்தில் ஆட்சியரைத் துணை ஆணையர் என அழைப்பர்.

புதிய பயிர் முதலில் ஆய்வுக்கூடத்திலும், பின்னர் மூடிய பசுமைக் குடிலிலும் சோதிக்கப்படுகிறது. அதன் பின்னரே திறந்த வயலுக்கு வருகிறது. வயற்பரிசோதனை இரு நிலைகளை உடையது. 2008 ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளின்படி முதல் நிலையில் ஓரிடத்தில் 1 ஏக்கருக்கு மேற்படாமலும், எல்லா இடங்களிலும் சேர்த்து 20 ஏக்கருக்கு மேற்படாமலும் பயிரிட வேண்டும். இரண்டாம் நிலையில் ஓரிடத்திற்கு 2.5 ஏக்கர் வரை பயிரிடலாம். அதே இனத்தைச் சேர்ந்த அயற்பயிருக்கும் பரிசோதனை வயலுக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் விடுதல் வேண்டும். அறுவடைக்குப் பின் எஞ்சிய செடிகளை அழித்து, தாமாக முளைப்பவற்றையும் கண்காணித்துக் களைதல் வேண்டும்.

உச்ச நீதிமன்றமும் 2007 ஆம் ஆண்டில் சில நிபந்தனைகளை விதித்தது. 200 மீட்டர் இடைவெளி விடுதல், ஒவ்வொரு பரிசோதனைக்கும் பொறுப்பேற்கும் விஞ்ஞானியின் பெயரைக் குறிப்பிடுதல், 0.01 சதவீத அளவிலான கலப்பையும் கண்டறியத்தக்க சோதனை முறையை முன்கூட்டியே அளித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

காகிதத்தில் இவ்வேற்பாடு செம்மையானது. ஆனால் அயல் வயலுக்குரிய உழவருக்கு, வேலிக்கு அப்பால் விளைவது யாது என்று உரிய காலத்தில் தெரிந்திருந்ததா? பின்வரும் நிகழ்ச்சிகள் இக்கேள்விக்கு விடை கூறும்.

1998: ராய்ச்சூர்

1998 ஆம் ஆண்டின் நடுவில், பி.டி. பருத்தியை ஏறத்தாழ நாற்பது இடங்களில் பயிரிட்டுச் சோதிப்பதற்கு மஹிகோ நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்க நிறுவனமாகிய மான்சாண்டோ அதன் கூட்டாளியாக இருந்தது. பரிசோதனை இடங்களின் பட்டியல் அப்பொழுது மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. கர்நாடகத்தின் இடங்கள் எவை என்பது அவ்வாண்டு நவம்பரில்தான் வெளியாயிற்று. பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசாமியின் தலைமையில் இயங்கிய கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தினர், அம்மாத இறுதியில் ராய்ச்சூர் மாவட்டத்தின் சிந்தனூர்ப் பகுதிக்குச் சென்று, பரிசோதனைப் பருத்தியைப் பிடுங்கித் தீயிட்டனர். தம் வயலில் விளைந்தது மரபணு மாற்றிய பயிர் என்பதே தமக்குத் தெரியாது என்று நிலத்துக்குரிய உழவர் கூறியதாக அந்நாளில் செய்திகள் வெளிவந்தன.

அப்பொழுது நாடெங்கும் ஒரு பேச்சு பரவியிருந்தது. இப்பருத்தியின் விதை மறுமுறை முளைக்காது. இதில் ‘டெர்மினேட்டர்’ என்னும் மலட்டு மரபணு உள்ளது. இதன் மகரந்தம் பட்டால் பக்கத்து வயலின் விதையும் மலடாகும் என்பதே அப்பேச்சு. இது எங்கிருந்து வந்தது? விதையை முளைக்கவொட்டாமல் செய்யும் முறை ஒன்றுக்கு 1998 மார்ச்சில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மை. அமெரிக்க வேளாண்மைத் துறையும் ஒரு பருத்தி விதை நிறுவனமும் அதனைச் சேர்ந்து பெற்றன. ஆனால் அம்முறை எந்நாட்டிலும் விற்பனைப் பயிராக வரவில்லை. ராய்ச்சூரில் சோதிக்கப்பட்ட பருத்தியிலும் அது இல்லை. உண்மையான ஒரு செய்தி, தொடர்பில்லாத ஒரு வயலின்மேல் ஏற்றப்பட்டது.

இதனை வதந்தி என்று தள்ளிவிடுதல் எளிது. அது வேரூன்றியதற்குரிய காரணத்தை ஆராய்தலே பயன்தருவது. வயலின் முன் பெயர்ப்பலகை இருந்து, அதில் பயிரின் தன்மை உள்ளூர் மொழியில் எழுதப்பட்டு, ஊர்க்கூட்டத்தில் ஒருவர் அதனை விளக்கியிருப்பாரானால், மலட்டு விதை பற்றிய கேள்வி அக்கூட்டத்திலேயே எழுந்து அங்கேயே விடை பெற்றிருக்கும். விடை கூறுவதற்கு எவரும் இல்லாத இடத்தில், அஞ்சியவர்கள் தாமே விடையை அமைத்துக்கொண்டனர்.

பின்னர் 2001 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய மலட்டு முறையைக் கொண்ட ரகங்களைப் பதிவு செய்வதைத் தடை செய்தது. அன்றைய அச்சம் ஆளைத் தவறாகக் காட்டியதேயன்றி, முற்றிலும் பொருளற்றதாக இல்லை என்பதற்கு இச்சட்டப்பிரிவே சான்று.

2006: கோயம்புத்தூரும், தகவல் கேட்கும் உரிமையும்

பி.டி. பருத்தி 2002 மார்ச்சில் அனுமதி பெற்றது. அடுத்து உணவுப் பயிர்கள் பரிசோதனைக்கு வந்தன. 2006 நவம்பரில் கோயம்புத்தூரை அடுத்த இராமநாதபுரம் என்னும் ஊரில் பி.டி. நெல் பரிசோதனை வயலை விவசாயிகள் சங்கத்தினர் அழித்தனர். அதற்குச் சில நாட்கள் முன்னர் அரியானாவின் கர்னால் மாவட்டத்திலும் அவ்வாறே நிகழ்ந்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ராய்ச்சூரில் கேட்ட அதே குறைதான் இவ்விடங்களிலும் ஒலித்தது. ‘எங்களுக்குச் சொல்லவில்லை’ என்பதே அது.

இதற்கிடையில் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கத்தரி முதலிய பயிர்களின் நச்சுத்தன்மை, ஒவ்வாமை ஆகியவை பற்றிய பரிசோதனை விவரங்களைத் தருமாறு அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. வாணிக இரகசியம் என்னும் காரணத்தால் அவ்விவரங்கள் முதலில் மறுக்கப்பட்டன. வாணிக இரகசியத்தைக் காக்கும் பிரிவு சட்டத்தில் உண்டு. ஆனால் பரந்த பொதுநலன் வேண்டுமானால் வெளியிடலாம் என்று அப்பிரிவே கூறுகிறது. மத்தியத் தகவல் ஆணையம் 2007 இல் விவரங்களை வெளியிடுமாறு ஆணையிட்டது. 2008 இல் உச்ச நீதிமன்றமும் அவ்விவரங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு பணித்தது. அதன் விளைவாகக் கத்தரி பற்றிய ஆவணங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டன. அயல்நாட்டு விஞ்ஞானிகளும் அவற்றைப் படித்துக் கருத்துரைத்தனர்.

இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் அவ்வாவணங்கள் ஆங்கிலத்திலும், துறைவல்லார்க்கு மட்டுமே விளங்கும் நடையிலும் இருந்தன. எலிகளுக்கு 90 நாட்கள் உணவளித்துக் கண்ட இரத்தப் பரிசோதனை அட்டவணையை வைத்து, கத்தரி பயிரிடும் உழவரோ ஈஜிபுராவின் தாய்மாரோ என்ன செய்ய இயலும்? தகவலை வெளியிடுதல் ஒன்று, அறிவித்தல் மற்றொன்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட இக்கட்டுரையாளருக்கு இவ்வேறுபாடு நாள்தோறும் தென்படுவது.

2010: ஏழு நகரங்களில் கலந்தாய்வு

பி.டி. கத்தரி தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை எதிர்ப்பதற்காக உருவாக்கப்பட்டது. மஹிகோ நிறுவனம், தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகியவை இதில் ஈடுபட்டன. 2009 அக்டோபர் 14 ஆம் நாள், அப்பொழுது ‘மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு’ என்று பெயர் பெற்றிருந்த குழு இதற்கு இசைவளித்தது. ஆனால் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், பொதுமக்களைக் கேளாமல் இறுதி முடிவு செய்வதில்லை என்று அறிவித்தார்.

2010 ஜனவரி 13 ஆம் நாள் கொல்கத்தாவில் முதற்கூட்டம் நடைபெற்றது. புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத் ஆகிய நகரங்களை அடுத்து, பிப்ரவரி 6 ஆம் நாள் பெங்களூருவில் ஏழாவதும் இறுதியுமான கூட்டம் கூடியது. உழவர்கள், விஞ்ஞானிகள், மருத்துவர்கள், நுகர்வோர், விதை நிறுவனத்தார் என ஏறத்தாழ 8,000 பேர் இக்கூட்டங்களில் கலந்துகொண்டனர். பிப்ரவரி 9 ஆம் நாள் அமைச்சர் தம் முடிவை வெளியிட்டார். மக்களின் நம்பிக்கையைப் பெறும் வகையில் தனித்த ஆய்வுகள் முடியும் வரை பி.டி. கத்தரியை நிறுத்திவைப்பது என்பதே அம்முடிவு. அதே ஆண்டில் குழுவின் பெயரில் ‘அனுமதி’ என்னும் சொல் நீங்கி ‘மதிப்பீடு’ என்னும் சொல் இடம்பெற்றது. குழு மதிப்பிடும், அரசாங்கம் முடிவு செய்யும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இக்கலந்தாய்வைக் குறித்து இரு தரப்பிலும் குறை கூறினர். கூச்சலும் கூட்டமும் விஞ்ஞானத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்றனர் ஒருசாரார். அரசாங்கம் ஒருமுறையேனும் செவிசாய்த்தது என்றனர் மற்றொரு சாரார். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. முக்கியமான குறை வேறு. இக்கூட்டங்கள் வயற்பரிசோதனைகள் யாவும் முடிந்து, குழுவும் இசைவளித்த பின்னரே கூட்டப்பட்டன. பத்தாண்டு ஆராய்ச்சியின் தொடக்கத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அதன் முடிவில் கேட்கப்பட்டமையால், விஞ்ஞானிகளுக்கு உழைப்பு வீணாயிற்று என்ற மனக்குறையும், மக்களுக்கு இறுதியில்தான் அழைத்தனர் என்ற மனக்குறையும் எஞ்சின.

இதே மரபணு மாற்றம் கொண்ட கத்தரிக்கு வங்காளதேசம் 2013 இல் அனுமதி வழங்கியது. 2014 தொடக்கத்தில் 20 உழவர்கள் அதனைப் பயிரிட்டனர். ஒரே அறிவியல் விவரங்களைக் கொண்டு அயல்நாடு ஒரு முடிவுக்கும் நாம் வேறொரு முடிவுக்கும் வந்தோம். இத்தகைய முடிவுகளில் விஞ்ஞானத்தோடு சமுதாயத்தின் விருப்பமும் இடம்பெறுகிறது என்பதை இது உணர்த்தும்.

மக்கள் கேட்கும் மூவகைக் கேள்விகள்

கலந்தாய்வுகளில் எழுந்த கேள்விகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். களப்பணியாளர்கள் இவற்றைப் பிரித்தறிதல் மிகவும் வேண்டுவது. ஒரு வகைக் கேள்விக்கு மற்றொரு வகை விடையைக் கூறுவதாலேயே பல கூட்டங்கள் குழப்பத்தில் முடிகின்றன.

முதல்வகை, உடல்நலம் பற்றியது. ‘உண்டால் தீங்கு உண்டா?’ என்பது இக்கேள்வி. இதற்கு ஆய்வுக்கூடத்தில் விடை தேடலாம். என்ன சோதனை செய்யப்பட்டது, எத்தனை நாட்கள், எவ்விலங்கின்மீது, நடத்தியவர் யார் என்பவற்றைச் சொல்ல வேண்டும். நிறுவனமே தன் பயிரைச் சோதித்தது என்னும் குறை எழுந்தால், அதனை மறைத்தலாகாது.

இரண்டாம் வகை, அயல் வயலையும் பாரம்பரிய ரகங்களையும் பற்றியது. நம் நாடு கத்தரி ரகங்கள் செழித்த நிலம். உடுப்பியை அடுத்த மட்டு என்னும் ஊரில் விளையும் ‘மட்டு குள்ளா’ கத்தரி 2011 இல் புவிசார் குறியீடு பெற்றது. உடுப்பிக் கத்தரியும் மரபணு மாற்றத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ரகங்களுள் ஒன்று என்று தெரிந்தபொழுது அவ்வட்டாரத்தில் கவலை எழுந்தது இயல்பே. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். எனினும் சிலவகைத் தேனீக்களும் வண்டுகளும் மலரைப் பற்றி அதிர்வித்து மகரந்தத்தை உதிர்த்துப் பிற செடிகளுக்குக் கொண்டுசெல்லும். ஆகவே இடைவெளித் தூரம் ஏன் வேண்டும், அது எவ்வளவு பயன்தரும் என்பவற்றை விளக்குதல் வேண்டும்.

மூன்றாம் வகை, விதையின் உரிமையும் விலையும் பற்றியது. ‘அடுத்த ஆண்டு விதையை நானே எடுத்துவைக்கலாமா?’ என்று உழவர் கேட்பார். இதற்கு நச்சுத்தன்மைச் சோதனையின் முடிவைக் கூறுவதால் பயனில்லை. இங்கு ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். பி.டி. பருத்தி நம் நாட்டில் பெரும்பாலும் வீரிய ஒட்டு விதையாகவே விற்கப்பட்டது. ஒட்டு விதையின் மறு தலைமுறை ஒரே சீராக விளையாது. எனவே ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டியுள்ளது. இது பி.டி. மரபணுவின் விளைவன்று, ஒட்டு விதையின் இயல்பு. பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய பி.டி. கத்தரியோ ஒட்டு அல்லாத ரகங்களில் அமைந்தது. அதன் விதையை எடுத்துவைக்க இயலும்.

இவற்றோடு பருத்தியின் அனுபவத்தையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். 2002 க்குப் பின் பி.டி. பருத்தி விரைந்து பரவி, நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இடம்பெற்றது. பச்சைக் காய்ப்புழுவின் தொல்லை குறைந்தது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நாளடைவில் எதிர்ப்பாற்றல் பெற்றது. முதலில் குஜராத்தில் ஒற்றை மரபணுப் பருத்தியின்மீது இது தென்பட்டது. பின்னர் இரண்டு மரபணு கொண்ட பருத்தியையும் அப்புழு வென்றது. வயலின் ஓரத்தில் சாதாரணப் பருத்தியைப் பயிரிட்டு எதிர்ப்பாற்றலைத் தாமதப்படுத்த வேண்டும் என்னும் அறிவுரையைப் பெரும்பாலோர் பின்பற்றவில்லை. அவ்வறிவுரையின் காரணம் உழவருக்கு உரியவாறு விளக்கப்படாததும் இதற்கு ஒரு காரணமாகும்.

இற்றை நிலை

2011 முதல், வயற்பரிசோதனைக்கு அந்தந்த மாநில அரசாங்கத்தின் ஆட்சேபமின்மைச் சான்றும் வேண்டும் என்னும் நடைமுறை வந்தது. 2019 இல் அரியானாவின் பதேகாபாத் மாவட்டத்தில் அனுமதியற்ற பி.டி. கத்தரி விளைந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது. தடை மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்பதற்கு இது சான்று. மரபணு மாற்றிய கடுகாகிய டி.எம்.எச். 11 க்கு 2022 அக்டோபரில் நிபந்தனைகளுடன் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. அவ்வனுமதியை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலை 23 ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். எனினும் மத்திய அரசாங்கம் மாநிலங்களையும் உழவர் முதலிய அனைவரையும் கலந்து, மரபணு மாற்றப் பயிர்களுக்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வகுத்தல் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

அயல் மரபணுவைப் புகுத்தாமல், பயிரின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்யும் முறையும் இப்பொழுது வந்துள்ளது. அத்தகைய பயிர்களுக்கு 2022 இல் சில விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது; 2025 மே மாதத்தில் இவ்வகையில் உருவான இரு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. இம்முறை பி.டி. முறையினின்றும் எவ்வாறு வேறுபடுகிறது என்னும் கேள்வி விரைவில் கிராமங்களுக்கு வரும். அது வருமுன் களப்பணியாளர்கள் விடையோடு ஆயத்தமாதல் நலம்.

களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

1. பரிசோதனை தொடங்குமுன் ஊராட்சியில் பேசுக. பயிர், அதில் சேர்த்த மரபணு, பரப்பு, இடைவெளி, அறுவடைக்குப் பின் செய்வன, பொறுப்பாளர் ஆகிய ஆறு விவரங்களை உள்ளூர் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதிப் பலகையில் ஒட்டலாம்.

2. தெரிந்ததைத் தெரிந்ததென்றும், ஆராயப்பட்டு வருவதை அவ்வாறே என்றும் கூறுக. ‘ஓர் அபாயமும் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் பின்னர் ஒரு குறை தென்படுமானால், அப்பணியாளரின் மற்ற சொற்களையும் ஊரார் நம்பார்.

3. வதந்தியைக் கேட்டதும் சினவாமல், அதன் மூலத்தைத் தேடுக. மலட்டு விதைப் பேச்சைப் போல, பலவற்றின் அடியில் உண்மையான செய்தி ஒன்று இருக்கும்.

4. அலுவலகத்தில் விவரம் கிடைக்காவிடில், தகவல் அறியும் உரிமைச் சட்டம் அனைவருக்கும் உரியது என்பதைச் சொல்லுக. மத்திய அரசாங்க அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். விடைக்குரிய காலம் 30 நாட்கள். உயிரியல் பாதுகாப்புக்கான கார்ட்டஜீனா உடன்படிக்கையில் நம் நாடு 2003 இல் சேர்ந்தது. முடிவெடுக்கும்பொழுது பொதுமக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அதன் 23 ஆம் விதி.

5. ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தில் ஓர் எளிய சோதனை செய்து காட்டலாம். கத்தரியில் மலரும் நிலையிலுள்ள சில மொட்டுகளைச் சிறு மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுக. சிலவற்றைத் திறந்து விடுக. மூடியவற்றுள்ளும் சில காய்ப்பதை மாணவர் காண்பர். திறந்த மலர்களில் காலை வேளையில் எத்தனை பூச்சிகள் வந்தமர்கின்றன என்று எண்ணச் செய்க. தன் மகரந்தச் சேர்க்கை, அயல் மகரந்தச் சேர்க்கை என்னும் இரு சொற்களும் இடைவெளித் தூரம் என்பதன் பொருளும் அவர்களுக்குக் கண்ணெதிரே விளங்கும்.

தொடக்கத்தில் கூறிய ஈஜிபுராவின் கேள்விக்குத் திரும்புவோம். அத்தாய்மாருக்கு என்ன விடை கூறலாம்? “அம்மா, பி.டி. கத்தரியை நம் நாட்டில் விற்க 2010 முதல் தடை இருக்கிறது. நம் நாட்டில் சட்டப்படி வணிகத்துக்குப் பயிராவது பருத்தி ஒன்றுதான்; அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் உணவில் சேர்கிறது, ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் அந்தப் புரதம் ஏறக்குறைய இருப்பதில்லை. இந்தக் காயில் ஓட்டை இல்லாததற்கு மருந்து அடித்தது காரணமாக இருக்கலாம். நன்றாகக் கழுவிச் சமையுங்கள். நாளைக்கு இந்தக் கத்தரியை மறுபடியும் கொண்டுவர நினைத்தால், அதற்கு முன்னால் உங்களையும் கேட்க வேண்டும்.”

இவ்வளவையும் கூற ஒரு நிமிடம் போதும். வண்டிக்காரரும் அருகிலிருந்து கேட்டுக்கொள்வார். அடுத்த தெருவில் அவரே பிறருக்குச் சொல்லுவார்.